பள்ளி ஆங்கில வகுப்பும் நம் கடைப் பிள்ளைகளும்

மளிகைக் கடைக்காரர் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு, கணக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் நம்மில் இன்றும் உண்டு. வேறு சிலர் இதற்கு நேர்மாறு. பிள்ளை நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். இரு தரப்பாருமே உயர்நிலைப் பள்ளியில் நடக்கும் ஆங்கில வகுப்பை மதிப்பதில்லை என்பது என் கருத்து.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் தொழிலுக்குப் பேசும் ஆங்கிலத்தைவிடப் படிக்கும் ஆங்கிலமே அதிகம் தேவைப்படுகிறது. தாக்கல் செய்த ரிட்டர்னில் வித்தியாசம் தென்பட்டால் ஏ.எஸ்.எம்.டி.-10 என்ற நோட்டீஸ் போர்ட்டலில் வந்து உட்கார்ந்திருக்கும். பதில் சொல்ல அதிகபட்சம் 30 நாள். குறித்த தேதிக்குள் விளக்கம் வராவிட்டால், சொல்வதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை என்று கருதப்படும் என்று அதிலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது. "இஃப்" என்று தொடங்கும் இந்த வகை வாக்கியத்தைத்தானே பிள்ளைகள் இலக்கணப் பாடத்தில் படிக்கிறார்கள்? "ஷால்" என்றால் கட்டாயம், "மே" என்றால் செய்யலாம். இந்த இரண்டு சின்னச் சொற்களின் வித்தியாசத்தில் ஒரு வியாபாரியின் முதலே அடங்கியிருக்கிறது. ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்பீர்கள். அவருக்கு நம்மைப்போல் எத்தனை பேர்!

சரக்கு விஷயத்திலும் இப்படித்தான். பாக்கெட்டில் "பெஸ்ட் பிஃபோர்" என்பதும் "யூஸ் பை" என்பதும் ஒன்றல்ல. முன்னது தரம் குறையாத காலத்தைச் சொல்வது. பின்னது தாண்டினால் விற்கவே கூடாது. நாமே பருப்பு, மசாலா பாக்கெட் போடுவதானாலும் விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டாக வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாமே தவிர, தமிழ் மட்டும் போதாது என்பதுதான் சட்டம். (இது நியாயமா என்பது தனி வழக்கு. சங்கம் அதற்கும் குரல் கொடுக்க வேண்டும்.)

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கடிதம் எழுதும் கேள்வி உண்டு. ஒரு பகுதியைப் படித்துச் சுருக்கி எழுதுவதும் உண்டு. பிள்ளைகள் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளையிடம், "லாரியில் வந்த 50 மூட்டையில் 3 மூட்டை நனைந்திருக்கிறது, மில்லுக்கு ஒரு கடிதம் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். தேதி, பில் எண், எத்தனை மூட்டை, நமக்கு என்ன வேண்டும் என்று வரிசையாக ஆறு வரி எழுதிவிட்டால் வாத்தியார் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். வட மாநில மில்களுக்கு இத்தனை ஆண்டுகளாக எழுதிய கடிதமெல்லாம் அந்த வகுப்பில் கற்றதுதான்.

ஆகவே மாலையில் கூட்டம் அதிகம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். மாறாக, கடைக்கு வரும் ஆங்கிலக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கச் சொல்லி, தமிழில் பொருள் கேளுங்கள். நம் சங்கக் கட்டடத்து மாடி ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதான் கிடக்கிறது. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடைப் பையன்களுக்கும் இந்தக் கடிதப் பயிற்சியைக் கொடுக்கலாம். நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.