லாரியில் ஏறாத ஏலகிரி வீடு!

ஏலகிரி, 

14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரிக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது லாட்ஜ் போர்டுகள்தான். மலை மக்களின் மண் வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பழைய வீட்டைப் பார்க்கவே டிக்கெட் வாங்கிப் போகிற இடம் ஒன்று உண்டு. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா! ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் காலையில் ஏலகிரி எக்ஸ்பிரசைப் பிடித்தால் பார்த்துவிட்டு வரலாம். (செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஏமாந்து திரும்ப வேண்டாம்.)

அங்கே வீடுகளேதான் காட்சிப் பொருள். இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். தூண் தூணாக, ஓடு ஓடாகக் கழற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து திரும்பப் பூட்டினார்கள். செட்டிநாட்டு வீடு இப்படித்தான் வந்தது. கேரளத்து மர வீடும் வந்தது.

வட்ட வீடு

ஆந்திரக் கடலோரத்து மண் வீடும் அங்கே உண்டு. வட்டமாக இருக்கிறது. புயல் காற்று மோதுவதற்கு மூலையே கிடையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். கூரை தாழ இறங்கி, சுவர் நனையாமல் காக்கிறது. எந்த என்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுத்தார்?

அந்த வளாகத்தை வடிவமைத்த லாரி பேக்கரும் இதே ரகம். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007-ல் காலமானவர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்புவது அவர் பரப்பிய முறை. செங்கல்லில் சுமார் கால் பங்கு மிச்சம். வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. தளம் போடும்போது நடுநடுவே ஓட்டைப் பதித்து, காங்கிரீட்டையும் குறைத்தார். லோன் போட்டு வீடு கட்டும் குமாஸ்தாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்!

ஏலகிரியில்...

ஏலகிரியின் பூர்வகுடிகள் மலையாளி என்ற பழங்குடியினர். (பெயர்தான் அப்படி, கேரளத்தவர் அல்ல.) அவர்களது பழைய வீடு மண் சுவர், புல் கூரை, சாணி மெழுகிய தரை. பகலில் குளுமை, மார்கழிப் பனியில் கதகதப்பு. தானியக் குதிரைக் கல்லின் மேல் தூக்கி வைத்தார்கள். ஈரமும் ஏறாது, எலியும் ஏறாது.

இந்த வீட்டைத்தான் லாரியில் ஏற்ற முடியாது. தேக்குத் தூணைக் கழற்றலாம். மண் சுவரைக் கழற்றினால் மிஞ்சுவது மண்! காப்பாற்றுவதானால் நிற்கிற இடத்திலேயே காப்பாற்ற வேண்டும்.

அதற்கும் நாள் அதிகமில்லை. 2030-க்குள் குடிசையே இல்லாத தமிழகம் என்று 2024-ல் கலைஞர் கனவு இல்லத் திட்டம் வந்தது. வீட்டுக்கு ரூ.3½ லட்சம், 360 சதுர அடி, காங்கிரீட் தளம். இதைத் தப்பு என்று யார் சொல்வது? வருஷா வருஷம் கூரை மாற்றி, மழைக்காலத்தில் ஒழுகலோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தானே கஷ்டம் தெரியும்? "நாங்க மண் வீட்ல கெடக்கணும், நீங்க வந்து போட்டோ புடிக்கணுமா?" என்று கேட்டால் டவுன்காரரிடம் பதில் இல்லை.

ஆகவே குடியிருப்பவருக்குக் கெட்டி வீடு கிடைக்கட்டும். காலியாகும் மண் வீடுகளில் ஊருக்கு ஒன்றை, குதிரோடு சேர்த்து, அரசே எடுத்துப் பராமரிக்கலாம். மெழுகவும் கூரை வேயவும் அதே ஊர் ஆட்களுக்கே கூலி கொடுக்கலாம். கோடை விழாவுக்குப் பந்தல் போடுகிற மலையில் இது பெரிய செலவா?

அந்தச் சுவரைக் குழைக்கத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது.