நிழலுக்கும் இடம் கொடுங்கள்



புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்திற்கு நீங்கள் அழைக்கும் வீடுகள் பலவற்றில், பட்டப்பகலிலும் ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. கூரையெங்கும் விளக்குகள் எரிகின்றன. ஒளி தேவனுடையது, ஆகையால் நிழல் ஆகாதது என்று எண்ணிவிட்டோமோ? 91-ஆம் சங்கீதம் சர்வவல்லவருடைய நிழலைப் பாடுகிறது. 121-ஆம் சங்கீதமோ கர்த்தரையே நிழல் என்கிறது. வெயிலின் கொடுமையை அறிந்த தேசத்தின் பாடல்கள் அவை. நம் தேசமும் அப்படிப்பட்டதுதானே?

நம் முன்னோர் வீடுகளில் வெளிச்சம் முற்றத்தில் இறங்கி, தாழ்வாரத்தில் தணிந்து, அதன்பின்பே உள்ளறைக்கு வந்தது. இன்று முற்றத்திற்கு இடமில்லை, மெய்தான். ஆயினும் கிழக்கு ஜன்னலைப் பீரோவால் அடைக்காதிருக்கலாம். மேற்கே ஒரு வேம்பை நடலாம். தாழ்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுப்பதில்லை. வடக்கு ஜன்னலருகே முதியோருக்கு நாற்காலி போடுங்கள். அங்கே வரும் சீரான வெளிச்சம் வேதம் வாசிக்கும் கண்களுக்கு இதமானது.

ஒரு மூலையையாவது விளக்கின்றி விட்டுவிடுங்கள். கடன் நெருக்குகிறவரும், பிள்ளையை இழந்தவரும், தன் வீட்டாரிடமே பேச மாட்டாதவரும் முகத்தை மறைத்து அழுது ஜெபிக்க ஓர் இடம் வேண்டாமா? இருபது விளக்குகளின் கீழ் எவரால் அழக்கூடும்? அந்த மூலையிலும் ஒரு பாயிண்ட் வைக்கலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.