பேய்ப் படக்கதையைக் கொளுத்தலாமா?

"படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று அமெரிக்கா ஒரு காலத்தில் பயந்தது. 1948-ல் சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள்.

1954-ல் டாக்டர் வெர்தாம் இந்தக் குற்றச்சாட்டைப் புத்தகமாக எழுதினார். செனட் குழு விசாரணை நடத்தியது. "டேல்ஸ் பிரம் தி கிரிப்ட்" முதலிய பேய்க்கதை ஏடுகள் நின்று போயின.

அவற்றில் கொடூரம் இருந்தது உண்மைதான். ஆனால், டாக்டர் தம் ஆதாரங்களைத் திரித்திருந்தார். அவருடைய குறிப்புகளைப் பார்த்து, 2012-ல் கரோல் டில்லி என்ற ஆராய்ச்சியாளர் இதை வெளியிட்டார்.

அன்று 10 சென்டுக்கு வாங்கி ஒளித்து வைத்த சிறுவர்களால்தான் பல ஏடுகள் பிழைத்தன. இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

பெற்றோரே! பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். கூடாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.