முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்: கிராமப்புறக் கல்லூரிகளுக்கான கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டின் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இயங்கும் அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளின் பேராசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், நூலகர்கள், ஆய்வக உதவியாளர்கள், மாணவர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் ஆகிய நாங்கள் ஓர் இயக்கமாகக் கூடியிருக்கிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. கல்லூரிக்கு வரும் பணம் எவ்வளவு சிறியதானாலும், அது எந்த வரிசையில் செலவாக வேண்டும் என்பதைக் கல்லூரிக்குள் இருப்பவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். அந்த வரிசையில் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் முதலிலும், நுழைவாயில் வளைவு கடைசியிலும் வர வேண்டும்.

நிதி போதவில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கூடுதல் நிதி கேட்டுப் போராடும் சங்கங்களோடு நாங்களும் தெருவில் நிற்போம். ஆனால் இந்த இயக்கத்தைப் பிறப்பித்த கோபம் வேறு. இருக்கிற கொஞ்சமும் தலைகீழாகச் செலவாகிறது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. பணம் தலைப்பு வாரியாக வருகிறது. கட்டடத்துக்கு வந்ததில் சம்பளம் தர முடியாது, கருவிக்கு வந்ததில் குழாய் மாற்ற முடியாது. ஆண்டு முழுக்கத் தூங்கிய கோப்பு மார்ச்சில் விழித்துக்கொள்ளும். 31ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற பதற்றத்தில், யாரும் கேட்காத ஸ்மார்ட் போர்டுகள் வந்து இறங்கும். பயன்பாட்டுச் சான்றிதழ் மேலே போய்விட்டால் கணக்கு நேர். இதில் யாரும் திருடவில்லை, தணிக்கைக்கு வருபவரும் குறை காணமாட்டார். வேதியியல் ஆய்வகத்தில் மட்டும், ஒருவர் செய்ய வேண்டிய சோதனையைச் சுற்றி நின்று ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்கும்.

திட்டமிடவில்லையா என்று கேட்டால், காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 1994இல் உருவாகி பெங்களூருவில் இயங்கும் தேசியத் தர மதிப்பீட்டு அவையான நாக், ஏழு அளவுகோல்களில் கல்லூரிகளை எடைபோட்டு வந்திருக்கிறது. ஆறாவது அளவுகோல் நிர்வாகம் பற்றியது. நெடுநோக்குத் திட்டம் இருக்கிறதா, நடைமுறைக்கு வந்ததா என்று அங்கே கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். நாங்கள் நாக்குக்கு எதிரிகள் அல்ல. தரம் குறைந்தால் மானியமும் கைவிட்டுப் போகும் என்ற கல்லூரி முதல்வர்களின் பயத்தையும் நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தயாராகும் விதம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாக்கின் ஆய்வுக் குழுவான பியர் டீம் வரும் தேதி நெருங்கியதும், கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. அறையில் இரண்டு பேர் இரவெல்லாம் உட்காருவார்கள். எங்கிருந்தோ கிடைத்த திட்ட அறிக்கையில் ஊர்ப் பெயர் மாறும். உலகத்தரம், பன்முக மேம்பாடு என்ற சொற்கள் அப்படியே இருக்கும். பெண்கள் கழிப்பறைக்குப் பிற்பகலில் தண்ணீர் வருவதில்லை என்பது அதில் எங்கும் இருக்காது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நிறுவன வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றைக் கேட்கிறது. அந்தக் கொள்கையோடு எங்களில் பலருக்குப் பெரிய வழக்கே உண்டு, அதற்கு மேடை வேறு. எந்தப் பெயரில் கேட்டாலும் எங்கள் நிபந்தனை ஒன்றுதான்: இந்த ஆண்டு எதை வாங்கமாட்டோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று சொல்லும் ஒரு பக்கம் இல்லாத தாளை நாங்கள் திட்டம் என்று ஏற்கமாட்டோம்.

ஆசிரியரை ஏன் முதலில் வைக்கிறோம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்குப் பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. நம் அரசுக் கல்லூரிகளில் தரப்படும் தொகுப்பூதியம் அதற்கு வெகு கீழே நிற்கிறது. அதுவும் பதினொரு மாதத்துக்குத்தான். மே மாதத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டியதில்லை போலும். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து அமர்த்தப்படுபவரின் நிலை இதனினும் கீழ். முனைவர் பட்டமும் நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியும் உள்ளவர், பருவத்தின் நடுவில் நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டால் அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது. அவர் விட்டுப்போன தாளை ஏற்கெனவே திணறும் இன்னொருவர் சேர்த்துக்கொள்வார். மாணவர்கள் ஜெராக்ஸ் கடை நோட்ஸோடு தேர்வுக்குப் போவார்கள். அரியர் விழும். அப்புறம் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று நாமே பேசிக்கொள்வோம்.

ஊதிய விகிதம் கல்லூரியின் கையில் இல்லை என்பது உண்மை. கையில் இருப்பவை உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் முதல் பற்று ஆசிரியர் ஊதியமாக இருக்கலாம். அது மாதம் முதல் தேதி கையில் விழும்படி செய்யலாம், ஆண்டு விழாப் பந்தலுக்கு அப்புறம் ஒதுக்கலாம். கௌரவ விரிவுரையாளருக்கு உட்கார ஒரு மேசை, நாற்காலி தரலாம். துறைக் கூட்டத்தில் அவரும் பேசலாம்.

அடுத்தது பேருந்து. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் மாணவியருக்குப் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற உதவித்தொகைத் திட்டங்கள் வந்து, அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. வீட்டிலிருந்து கல்லூரி வாசல்வரை பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாயிற்று. அதற்குப் பிறகான பொறுப்பு எங்களுடையது. ஆய்வக வகுப்பு நாலரைக்கு முடிய, ஊருக்குப் போகும் பேருந்து நாலே காலுக்குக் கிளம்பினால் அந்தப் பாடம் கால அட்டவணையில் மட்டுமே நடக்கிறது. கல்லூரியில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டுப் பெட்ரோல் பங்குக்கும் மில்லுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்டதே இல்லை. பாடத்திட்டம் பிடித்திருக்கிறதா என்றுதான் கருத்துப் படிவம் கேட்கிறது. இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். ஒரு கணக்கெடுப்பும், போக்குவரத்துக் கழகக் கிளைக்குக் கல்லூரி முதல்வர் எழுதும் ஒரு கடிதமும் போதும்.

பேருந்துக்கு அடுத்தது நூலகம். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்ட அதே 1931இல், மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. அந்த மண்ணில்தான் இன்று புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. தொலைந்தால் நூலகர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற அச்சம் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஓரளவு இழப்பை விதியாகவே அனுமதிக்க வேண்டும். ஏறத்தாழ 6,000 ரூபாய் ஆண்டுச் சந்தாவில் என்-லிஸ்ட் என்ற மின்வளத் திட்டம் வழியாக ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் கல்லூரிகள் பெற்று வந்திருக்கின்றன. சந்தா கட்டியும் மாணவருக்குக் கடவுச்சொல் போய்ச் சேராத கல்லூரி, அந்த ரூபாயைக் கிணற்றில் போட்டதற்குச் சமம். கழிப்பறை, குடிநீர், ஆய்வக வேதிப்பொருள் இந்த மூன்றுக்கும் வாதமே தேவையில்லை. இவை முடியும்வரை வேறெதற்கும் டெண்டர் கூடாது.

எங்களுக்குள்ளேயே முரண்பாடு எழுந்த இடம் ஒன்று உண்டு. இயற்பியலிலும் கணிதத்திலும் இடங்கள் காலியாகக் கிடக்க, செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதிய பட்டங்களைத் திறக்கச் சொல்கிறார்கள். பழையதை மூடிவிடலாம் என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள், அதில் கணக்கும் இருந்தது. பெரும்பான்மை வேறு முடிவெடுத்தது. கற்பிக்க ஆளில்லாத புதிய துறையைத் திறப்பது பிள்ளையை ஏமாற்றுவது. இயற்பியலை மூடினால் அந்த வட்டாரத்து ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இயற்பியலே மூடிப்போகும். அருகருகே உள்ள இரண்டு கல்லூரிகள் ஆசிரியரையும் ஆய்வகத்தையும் பகிர்ந்துகொள்ளட்டும். மாறுபட்ட கருத்தும் பதிவேட்டில் இருக்கிறது, மூன்றாண்டு கழித்து மறுபடி பேசுவோம்.

சிறிய இடம் தன் வரிசையைத் தானே வகுத்துக்கொண்டதற்கு முன்னுதாரணம் உண்டு. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956இல் சின்னாளப்பட்டிக்கு அருகே தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம், சுற்றியுள்ள கிராமங்களையே படிப்பின் களமாக்கியது. அமெரிக்காவின் கென்டக்கியில் 1855இல் தோன்றிய பெரியா கல்லூரி, 1892 முதல் மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே ஒவ்வொருவரும் வாரம் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரி வேலையில் பங்கெடுக்க வேண்டும். பெரியாவுக்குப் பெரும் அறக்கொடை நிதி இருக்கிறது, நமக்கு இல்லை, எனவே அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. எது முதலில் என்று கேட்கும் துணிவைத்தான் கடன் வாங்குகிறோம்.

இனி எங்கள் செயல்முறை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆவது பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே பொது அமைப்புகள் தம் வரவு செலவுத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே நாங்கள் சலுகை கேட்கவில்லை. ஆண்டுதோறும் ஜூலையில், வரவும் செலவும் தள்ளிப்போட்டவையும் கல்லூரி அரங்கில், தமிழில், மாணவரும் பெற்றோரும் கேட்கும்படி உரக்க வாசிக்கப்பட வேண்டும். செலவு வரிசையை வகுக்கும் திட்டக் குழுவில் இரண்டு மாணவர்கள், ஒரு கௌரவ விரிவுரையாளர், ஒரு பெற்றோர் இருக்க வேண்டும். மாணவர்களில் ஒருவராவது பேருந்தில் வருபவராக இருக்கட்டும். மார்ச் மாதக் கொள்முதல் ஒவ்வொன்றுக்கும், இதை எந்தத் துறை எப்போது கேட்டது என்று எழுத்தில் பதில் வேண்டும். தலைப்புகளுக்கிடையே ஒரு பங்கையாவது மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை அரசு கல்லூரிக்குத் தர வேண்டும். இதைப் பெறாமல் மற்றவை பாதிதான் நடக்கும், ஆகவே கல்லூரிக் கல்வி இயக்குநரகத்திடம் முதலில் இதையே வைக்கிறோம்.

உறுப்பினர் கட்டணம் கிடையாது. கொடியும் பெயரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்துக்கு வருபவர் அவரவர் கல்லூரியின் சென்ற ஆண்டு வரவு செலவு அறிக்கையின் ஒரு நகல் கொண்டுவரட்டும். கேட்டும் தரவில்லையென்றால், கேட்ட கடிதத்தின் நகலையும் ஒப்புதல் சீட்டையும் கொண்டுவரட்டும்.