வாத்தியார் சரியில்லையா?

புதுவை மேட்டுப்பாளையத்திலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "கணக்கு வாத்தியார் விடையை மட்டும் போர்டில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார், மாமா. பதினோராம் வகுப்பில் எனக்குக் கணக்கே வேண்டாம்!"

1903-ல் கும்பகோணத்தில் மாணவர் ராமானுஜம் கைக்குக் கிடைத்த ஜி. எஸ். கார் என்பவரின் கணிதப் புத்தகமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் சூத்திரங்கள், அவை எப்படி வந்தன என்ற விளக்கம் அநேகமாகக் கிடையாது. வழியை அவரே சிலேட்டில் போட்டுப் போட்டுக் கண்டுபிடித்தார். மேதையானார்.

"வாத்தியார் விடை தருகிறாரல்லவா? வழியை நீ தேடு" என்றேன்.

"ராமானுஜம் பரீட்சையில் தேறினாரா?"

"மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் எஃப்.ஏ.யில் கோட்டைவிட்டார். அதை மட்டும் பின்பற்றாதே!"

இரவு நோட்டும் கையுமாக வந்து எழுப்பினாள்: "ஒரு கணக்குக்கு வழி அகப்பட்டுவிட்டது, மாமா!"