யார் இந்தக் கமுகறை புருஷோத்தமன்? எல்லைக்கோட்டில் விடுபட்ட குமரிக் குரல்!

ஒரே பாட்டு. அதுக்குப் பின்னாடி நாலு பேர். நாலு பேருமே இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க. ஆனா, பாட்டு மலையாளம்!

1955இல் வெளியான 'ஹரிச்சந்திரா' படத்தில், சுடுகாட்டுக் காட்சியில் வரும் 'ஆத்ம வித்யாலயமே'தான் அந்தப் பாட்டு. தயாரிப்பாளர் மெரிலாண்ட் பி.சுப்ரமணியம், நாகர்கோவில்காரர். எழுதியவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர். அரிச்சந்திரனாக நடித்தவர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். ரெண்டு பேருக்கும் ஊர், பேரிலேயே இருக்கு. பாடியவர், திருவட்டாரைச் சேர்ந்த கமுகறை புருஷோத்தமன். கேரளத்தில் பழைய பாட்டு ரசிகர்கள்கிட்ட இந்தப் பேரைச் சொன்னால் போதும், உடனே பாடிக் காட்டிடுவாங்க.

1930இல் பிறந்தவர். 1953இல் 'பொன்கதிர்' படத்தில் அறிமுகம். அடுத்த சில ஆண்டுகளில் முன்னணிப் பின்னணிப் பாடகர். ஆனாலும் வாத்தியார் வேலையை விடவில்லை. சொந்த ஊரில் ஆசிரியர், பிறகு தலைமை ஆசிரியர். மலையாளப் பாட்டுப் பதிவு சென்னையை மையமாகக் கொண்டபோது, அங்கேயே குடியேறினால்தான் வாய்ப்பு என்ற நிலை. 1961இல் யேசுதாஸும் வந்துவிட்டார். 1964இல் 'பார்கவி நிலையம்' படத்துக்காக பாபுராஜ் இசையில் இவர் பாடிய 'ஏகாந்ததயுடெ அபார தீரம்' இன்றும் தனிமையின் பாட்டாகவே கேட்கப்படுகிறது. அந்தக் குரலுக்கு இன்னும் நூறு பாட்டு கிடைத்திருக்கணும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் அந்த லாபம்!

1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. அதுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால், நிலத்துக்குப் போட்ட கோட்டை நினைவுக்கும் போட்டுவிட்டோமோ? மலையாளத்தில் பாடினார் என்பதற்காக ஒரு திருவட்டார்காரர் திருவட்டாருக்கு அந்நியர் ஆகிவிடுவாரா என்ன? தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்குகிற மாவட்டம் இது.

1995இல் மறைந்த இவர் பெயரில் திருவனந்தபுரத்தில் அறக்கட்டளை இருக்கிறது, விருதும் வழங்குகிறார்கள். குமரி மாவட்டத்துக் கலைஞர்கள் என்றதும் இங்கே முதலில் வருவது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பெயர். சரிதான். அடுத்த வரியில் கமுகறை பெயரையும் எழுதலாம். ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிடத் திருவட்டார் போறவங்க, வழியில் அந்தச் சுடுகாட்டுப் பாட்டை ஒருதடவை யூடியூபில் போட்டுக் கேட்டுப் பாருங்க.