வெள்ளைப் பேனா வேண்டாம்



பாட்டியின் நரைமுடியை வரையப் பிள்ளைக்கு வெள்ளை ஜெல் பேனா வாங்கித் தருகிறீர்களே, அதைக் கண்டிக்கவே இந்தப் பதிவு.

பென்சில் ஓவியத்தில் வெள்ளை என்பது தாள்தான். நரையை வரையக் கூடாது. முடிகளுக்கு நடுவே இருக்கும் இருட்டை, நன்றாகச் சீவிய 2பி பென்சிலால் வரைய வேண்டும். முடி தானே எழும்பும். கரிமேல் பூசிய வெள்ளை மை ஒட்டுப்போட்ட துணிபோல் துருத்திக்கொண்டு நிற்கும்.

பனைமரமும் அப்படித்தான். நம் கீழ்பென்னாத்தூர் வரப்பில் நின்று ஓலையை எண்ணி வரைந்தால் கை குழம்பும். ஓலைகளுக்கு இடையே தெரியும் வானத் துண்டுகளின் வடிவத்தைப் பிடியுங்கள், ஓலை தன் இடத்தில் வந்து உட்காரும்.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் ஆதிமூலம் வரைந்த காந்தி ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். மையில் வரைந்தவைதான், ஆனாலும் பாடம் இதுவே. தொடாமல் விட்ட தாளும் சேர்ந்துதான் அங்கே காந்தி.

ஒரு போட்டியில் 'பின்னணி காலி' என்று ஒரு பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். காலியாகக் கிடப்பதற்கும் தெரிந்தே விட்டதற்கும் வித்தியாசம் அறியாதவர் நடுவராக உட்காரலாமா? (சோம்பேறித்தனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

இன்று வீட்டு முக்காலியை வரையச் சொல்லுங்கள். கால்களை அல்ல, கால்களுக்கு நடுவே தெரியும் தரையை.